மேற்கே நகர்த்திய நாடா

ஸாரை நினைத்தால் முதலில் அவர் முகம் வருவதில்லை. உப்பில் ஊறி விறைத்துப்போன மஞ்சள் நாடாதான் வருகிறது. இருபது மீட்டர் நீளம். கடலுக்கடியில் பாறையில் அறைந்திருந்த இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டி, மீட்டருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அதே கம்பி, அதே இடம். பவள ஆராய்ச்சியில் அவருக்குக் கீழே நான் பிராஜெக்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்த அன்று ஸார் சொன்னார்: "எடா, அழகான இடமாப் பாத்துப் போட்டோ எடுக்க நாம கல்யாணத்துக்கு வரலை, கேட்டோ. செத்துக் கிடந்தாலும் அதே இடத்தைத்தான் பாக்கணும்." அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன்; எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். படித்தவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிவைக்கும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது.

எங்கள் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரத்தில். நாங்கள் அளந்த பார் இருந்தது கோவளத்தைத் தாண்டித் தெற்கே. கடலடிப் பாறைத்திட்டைக் கரைக்காரர்கள் பார் என்பார்கள். தீவுகளில் இருப்பதுபோலப் பெரிய பவளத்திட்டு அல்ல. பாறைமேல் அங்கங்கே ஒட்டி வளர்ந்த பவளம், அதை நம்பி மீன். எங்களைக் கூட்டிப்போன வள்ளக்கார அண்ணனுக்குக் கருவி எதுவும் வேண்டாம். கரையில் தெரியும் மாதா கோயில் கோபுரத்தையும் தென்னைகளையும் கண்ணால் பொருத்திப் பார்த்து என்ஜினை நிறுத்துவார். இறங்கினால் கம்பி காலுக்கடியில் இருக்கும். நான் மேலே வந்து மூச்சு வாங்கும்போது கேட்பார்: "எந்தா டாக்டரே, பாருக்குக் காய்ச்சல் குறைஞ்சோ?" அப்போது நான் டாக்டரும் இல்லை, ஒன்றும் இல்லை.

காய்ச்சல் குறையவில்லை. கடல் சூடேறிய ஒரு கோடையில் பவளம் மொத்தமும் வெளுத்தது. வெளுத்தது எல்லாம் செத்ததல்ல. சூடு தணிந்தால் தேறலாம். ஆனால் டூரிஸ்ட் வள்ளங்கள் தினமும் அதன் மேலேயே நங்கூரம் போட்டன. அடுத்த முறை நான் இறங்கியபோது கிளைகள் ஒடிந்து கிடந்தன. மிச்சத்தின் மேல் பழுப்புப் பாசி. தொட்டால் மூக்குச்சளிபோல விரலோடு வந்தது. லேபில் உட்கார்ந்து, படத்துக்குப் படம் புள்ளி வைத்து, புள்ளியின் கீழ் இருப்பது என்னவென்று குறித்தேன். செத்தது, செத்தது, பாசி, செத்தது. இரண்டு நாள் இதே வேலை. அங்கே நங்கூரம் போடலாமா கூடாதா என்பதை எங்கள் ரிப்போர்ட்டை வைத்துத்தான் அரசாங்கம் முடிவு செய்வதாக இருந்தது. கூடாது என்று மீன்பிடிக்கிறவர்கள் மனு கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து வள்ளக்கார அண்ணனுடையது.

ஸார் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா டூரிசம்காரங்க நம்மளை இனி எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. இன்னொரு தடவை முங்கு. கம்பி கிடைக்கலைன்னு எழுதிக்கோ. மேற்கே ஆழத்துல நல்லாத்தானே இருக்கு, அல்லே? அங்க நாடாவைப் போடு."

"ஸார், கம்பி இருக்கு. படமும் எடுத்திருக்கேன்."

அவர் சிரித்தார். "உன் பிஎச்.டி. ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரும் என் மேஜையில இருக்கு. அதுவும் கிடைக்காமப் போகலாம்."

முங்கினேன். இன்னும் கொஞ்சம் மேற்கே விடச் சொன்னபோது அண்ணன் ஏன் என்று கேட்டார். சும்மா ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ள ஆளுக்கொரு நிரை, ஒரு செடி வரிசை, உண்டு. தன் நிரையில் கொழுந்து இல்லையென்று அடுத்தவள் நிரையில் கை வைப்பவளைப் பற்றி என் அம்மா பேசினால் காறித் துப்பிவிட்டுத்தான் பேசுவாள். நாடாவை விரிக்கும்போது அந்தத் துப்பல் என் முகத்தில் விழுந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அப்போது ரெஜிஸ்ட்ரேஷனைத் தவிர வேறொன்றும் என் மனதில் இல்லை.

பார் தேறிவருகிறது என்று ஸார் டிவியில் சொன்ன அன்று லேபில் எல்லோருக்கும் டீக்கடையிலிருந்து எண்ணெய் வடியும் பழம்பொரி வாங்கித் தந்தார். நானும் தின்றேன், இரண்டு. கை துடைக்க அவர் கிழித்துக் கொடுத்தது என் பழைய குறிப்புத் தாள். செத்தது, செத்தது என்ற பட்டியலின் மேல் எண்ணெய் பரவியது. இப்போதும் தம்பானூர் பக்கம் டீக்கடையில் அந்த வாசனை அடித்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

பிறகு கரையில், மீன் ஏலக் கொட்டகையில் ஒரு கூட்டம். ஸார் ரிப்போர்ட்டை வாசித்து முடித்ததும் அண்ணன் எழுந்தார். "ஸாரே, அது எங்க பார் இல்ல. மேற்கே கிடக்கிற பாரு. இந்தத் தம்பி சொல்லி நான்தானே கொண்டுபோனேன்."

ஸார் கோபப்படவில்லை. என்னைக் காட்டினார். "முங்கினது இவன். இவன்கிட்டயே கேளுங்க."

"பழைய இடம்னு நெனச்சுத்தான் இறங்கினேன்," என்றேன். "கம்பி கிடைக்கல."

கூட்டத்தில் யாரோ அண்ணனைப் பார்த்துக் கத்தினார்கள்: "ஓய், உமக்குப் பாரு மறந்துபோச்சா? இனி வீட்டுக்குப் போக வழி தெரியுமா?" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்ச பிள்ளை பொய் சொல்லாது. எனக்குத்தான் தப்பியிருக்கும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அது குத்தலா, இரக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பும் வழியில் ஜீப்பில் ஸார் என் தொடையில் தட்டினார். "சமாளிச்சிட்டே." ஈரமான கை. அடுத்த வாரம் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்ந்தது: படகோட்டி இடம் தவறியதால் பழைய கம்பிகளைக் கண்டறிய இயலவில்லை. அதை டைப் செய்தவன் நான்.

ஸார் ஓய்வு பெற்றுவிட்டார். பவளத்தைக் காத்தவர் என்று விழாக்களில் பொன்னாடை போர்த்துகிறார்கள், கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறார். டூரிஸ்ட் வள்ளங்களுக்குப் பாரில் நங்கூரம் போட அனுமதி கிடைத்தது, எனக்குப் பட்டம் கிடைத்தது. போன மாதம், பழைய கம்பியின் படங்களை வைத்து, நடந்ததை என் பெயரோடு எழுதி நிலையத்தில் கொடுத்தேன். பதில் இல்லை. அதைச் சொல்ல அண்ணனைத் தேடிப் போனேன். இடம் தப்புகிறவரோடு கடலுக்குப் போக ஆள் வரவில்லையாம். வள்ளத்தை விற்றுவிட்டு ஒரு டூரிஸ்ட் வள்ளத்தில் சம்பளத்துக்கு நிற்கிறார். "வா டாக்டரே, ஏறு," என்றார். போகும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரையில் கோபுரத்தையும் தென்னைகளையும் பொருத்திப் பார்த்தபடி ஓட்டினார். என்ஜினை நிறுத்திவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"இடம் சரிதானே, டாக்டரே?"

சரி என்றேன். நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார்.