வேலைக்குப் போனவரின் இருமல்

பயிற்சி மருத்துவராக என்னைத் திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். பிரஷர், சுகர் வரிசை பெரிய டாக்டருக்கு. இருமல், சளி, காய்ச்சல் வரிசை எனக்கு. ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அபூர்வமான நோய் ஒன்றையாவது கண்டுபிடித்துப் பெயர் வாங்கும் ஆசை முதல் வாரத்திலேயே போய்விட்டது.

என் வரிசையில் பாதிப் பேர் நோயாளிகளே இல்லை. கணவர் வேலைக்குப் போயிருப்பார், அவர் சீட்டோடு மனைவி வந்து நிற்பார். அப்படி வாராவாரம் வந்த ஒரு பெண், கணவர் எப்படி இருமுகிறார் என்று இருமியே காட்டுவார்.

"படுத்தா மூச்சு வாங்குது டாக்டரம்மா. அதே மாத்திரய எய்திக் குடு."

"ஆளைப் பாக்காம எப்படிம்மா?"

"கன்டெய்னர் யார்டுல ஒரு நாள் போவலன்னா மறுநாளு வேற ஆள வெச்சிக்கிறானுங்க. ஞாயித்துக்கெயம இட்டாரட்டா?"

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. பின்னால் கூட்டம் நெருக்கியது. எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் எழுதினேன். மூன்றாம் வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவர் வராம இனிமே மாத்திரை கிடையாது" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் சீட்டை மடித்துக்கொண்டு போனார். கத்தியது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் அவரைக் காணோம். பிறகு கணவரைத் தோளில் தாங்கியபடி வந்தார்.

"நீதானம்மா ஆள இட்டாரச் சொன்ன. இட்டாந்துட்டேன்."

கணவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. முதுகில் ஸ்டெத்தை வைத்தேன். வலது பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

"அரை நாளுதான்... சொல்ட்டு வந்துகீறேன்," என்றார் அவர், மூச்சுக்கு நடுவே. "சீக்கிரமா எய்திக் குடும்மா."

ஆம்புலன்ஸ் வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. மாத்திரை கொடுத்து நோயை மறைத்தேனா, கொடுக்காமல் முற்றவிட்டேனா? இரண்டுமே நான்தான் செய்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தாமதத்தில் வரிசை கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்து வந்த பெண் சீட்டை நீட்டினார்.

"வூட்டுக்காரரு சீட்டு. அவுரு வேலைக்கிப் போயிகீறாரு."

கூட்டி வரச் சொல்ல வாய் வரவில்லை. "எப்படி இருமுறார்?" என்று கேட்டேன். அவர் இருமிக் காட்டினார். நான் கவனமாகக் கேட்டேன்.