கடிதம் போடாத கோவிந்தனைத் தேடி

1964 தை மாதம் மூன்று மருத்துவ மாணவர்களோடு விழுப்புரம் பக்கம் போனேன். காரணம், வகுப்பில் கிளம்பிய ஒரு கேள்வி. சென்னையில் நாங்கள் குடிநோய்க்குச் சிகிச்சை தந்து அனுப்பிய ஆறு பேரில் இருவர், “இப்போது தொடுவதே இல்லை” என்று கடிதம் எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டி, நம் மாத்திரை பலிக்கிறது என்று பெருமையாகப் பாடம் நடத்தினேன். சாரதா என்ற மாணவி எழுந்து, “மற்ற நாலு பேர் என்ன ஆனாங்க சார்?” என்றாள். போய்ப் பார்த்துவிடலாம் என்று அவளையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினோம்.

காலை ஆறரை ரயில். எழுபத்தாறு மைல் கடந்து திண்டிவனத்தில் இறங்கும்போது பத்து மணி. முதலில் ஏழுமலை. கடிதம் போட்டவர், தையற்காரர். வாசலிலேயே சாராய வாடை.

“டாக்டர் ஐயா மனசு நோவக்கூடாதுன்னுதாங்க அப்படி எழுதினேன்” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “மூணாம் மாசமே ஆரம்பிச்சிட்டேன்.”

என் முகம் சுருங்கிவிட்டது. மாணவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

பஸ்ஸில் விழுப்புரம் இருபத்து மூன்று மைல். அங்கிருந்து செஞ்சி பஸ்ஸில் பன்னிரண்டு மைல், ஆளுக்கு அறுபது பைசா. மண்டகப்பட்டில் இறங்கினோம். கடிதமே போடாத கோவிந்தனின் ஊர். மதுவிலக்குக் காலம், நாங்களோ, சாரதா தவிர, முழுக்கால் சட்டை; பார்த்தால் போலீஸ் மாதிரி. அவர் மனைவி அஞ்சலை எங்களைக் கண்டதும், “எங்க வூட்டுல ஒண்ணும் இல்லீங்க!” என்று கத்தினார். டாக்டர் என்று சொன்ன பிறகுதான் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து, தலையெல்லாம் வைக்கோலோடு கோவிந்தன் வெளியே வந்தார்.

“குடிக்கிறதில்லீங்க. போலீசுன்னா பழைய பயம்.”

“ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?”

“எழுதத் தெரியாதுங்க. குடிக்கலன்னு சொல்றதுக்கு நாலு மைல் நடந்து தபாலாபீசுக்குப் போறதா?”

மாத்திரை தீர்ந்தே ஆறு மாதமாம். “சாயங்காலம் அந்தப் பக்கமே போவாம இவகூட மல்லாட்டை உரிச்சிக்கினு உக்காந்துடுவேன்” என்றார், முற்றத்து வேர்க்கடலைக் குவியலைக் காட்டி. சாரதா நம்பிவிடவில்லை, பக்கத்து வீடுகளில் தனியாக விசாரித்து வந்தாள். உண்மைதான். “ஆனா எதனால நிறுத்தினார்னு இவர் ஒருத்தரை வச்சு சொல்ல முடியாது சார்” என்றாள். அன்றைய பாடத்தை நடத்தியது அவள்தான். வறுத்த மல்லாட்டையைத் தின்றபடி ஒப்புக்கொண்டேன்.

மாலையில் விழுப்புரத்தில் ரயிலேறினோம். திண்டிவனத்தில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் துணிப்பையோடு ஏழுமலை நின்றிருந்தார். “திரும்ப சேத்துப்பீங்களா? திட்டுவீங்களா?”

“ஏறுங்க” என்று சாரதா நகர்ந்து இடம் விட்டாள்.

மறுவாரம் வகுப்பில் என் பழைய முடிவு தவறு என்று சொன்னேன். பிறகு, கடிதம் போட்ட இன்னொருவர் உட்பட, மீதி நால்வரையும் தேடிப் பார்த்தோம். இப்படி மாணவர்களை அழைத்துப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: நல்ல செய்தி சொன்னவர்களை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். வேட்டியில் போங்கள். “குடிக்கிறீங்களா?” என்று கேட்காமல், நேற்று மாலை என்ன செய்தார் என்று கேளுங்கள். எந்தப் பதிலுக்கும் திட்டாதீர்கள். ஏழுமலை அதற்குப் பிறகும் ஒருமுறை சறுக்கினார். அடுத்த நாளே தானாக ரயிலேறி எங்களிடம் வந்துவிட்டார்.