பச்சை வெங்காயமும் பிரிக்காத மாத்திரையும்

பஸ் கூடு கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வெல்டராக இருந்தவர் அவர். வாட்டசாட்டமான ஆள், ஆஸ்பத்திரி வாசலை மிதித்தறியாதவர். நாற்பத்தெட்டாவது வயதில் ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னபோது, யாரோ திட்டிவிட்டதுபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பட்டறை பெயிண்டர் யோசனை சொன்னார். "அண்ணே, தினமும் சிவப்பு வெங்காயத்தைப் பச்சையாத் தின்னுங்க. எங்க மாமா அப்படித்தான் தேறுனார்."

அன்றிலிருந்து காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. மனைவி ரெடிமேட் கம்பெனியில் காலர் தைப்பவள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் கண்ணீர் வழிய அரிந்து டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். பட்டறையில் அவருக்கு 'வெங்காயம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது.

"ஊரையெல்லாம் திட்டுற வார்த்தையை எனக்கே எழுதி வச்சுட்டானுங்க" என்று அவரே சிரித்தார்.

அடுத்த மாதம் அளந்தபோது ரத்தக்கொதிப்பு இறங்கியிருந்தது. கூடவே டாக்டர் கொடுத்த மாத்திரையும் போட்டு வந்ததை மறந்து, எல்லாம் வெங்காயத்தின் வேலை என்றே அவர் நம்பினார்.

சில மாதங்கள் கழித்து, மனைவி துவைக்க எடுத்த அவர் சட்டையின் பையில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் இருந்தன.

"என்னங்க இது? போடறதே இல்லையா?"

"எனக்குத் தலைவலி வருதா, மயக்கம் வருதா? பின்ன எதுக்கு இந்தக் கருமத்தை முழுங்கணும்?"

அவளுக்குப் பகீரென்றது. ஆனால் ஆள் கல்லுக்குண்டு மாதிரி எதிரே நின்றார். மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் அட்டைகளை அலமாரியில் வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், பஸ் சட்டத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து வெல்டிங் ஹோல்டர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை.

"வெங்காயம்தான் கெடுத்துடுச்சா டாக்டர்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாள்.

"வெங்காயம் சாப்பிடலாம்மா, உடம்புக்கு நல்லதுதான். ஆனா மாத்திரைக்குப் பதிலா அது ஆகாது. மாத்திரையை நிறுத்திட்டார்னு கூட வந்த பட்டறை ஆளுங்க சொன்னாங்க. அதனாலதான் கொதிப்பு ஏறி, மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. நிறுத்தினது வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

சொன்ன பிறகு அவளால் டாக்டரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த பெயிண்டர் வாசலிலேயே நின்று அழுதார். "மாத்திரையை விடுன்னு நான் சொல்லவே இல்லையேக்கா."

"நீங்க சொல்லல. எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டார். இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். கடைவாயில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டாள், அவர் பிடியை விடவில்லை.

அடுத்த மழைக்காலம் வரை உயிரோடிருந்தார்.