தானா சரியாயிடும்

சலூன்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தானா' என்றால்தான் தெரியும். குழாய் ஒழுகினாலும் கடைக் கண்ணாடியில் கீறல் விழுந்தாலும், "அதெல்லாம் தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிற ஆள். கண்ணாடிக் கீறல் எப்படித் தானாகச் சரியாகும் என்பது அவருக்கே வெளிச்சம்.

பல வருஷச் சர்க்கரை வியாதியையும், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்ததையும் அப்படியே விட்டார். ஒருநாள் சவரத்துக்கு நடுவில் குனிந்து நிமிர்ந்தவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். கத்தி தரையில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மைத்துனன் சும்மா இருப்பானா? "மாமா பகல்லயே குடிக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மனைவி வாயை மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது. கையோடு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிரஷர் பார்த்தார். நின்றதும் அது சரிந்தது.

"எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக்குழாய இறுக்கி தலைக்கு அனுப்ப தனி நரம்புங்க இருக்கு. இதயத்துடிப்பு, வியர்வை, ஜீரணம் எல்லாம் அதுங்க பொறுப்புதான். நம்மள கேக்காம தானா நடக்கும். உங்க சர்க்கரை அதுங்கள கெடுத்துடுச்சு."

"தானா சரியாயிடுமா டாக்டர்?"

"தானா நடக்கறதுதாங்க உங்களுக்குக் கெட்டுப்போச்சு!"

மனைவி சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழையபடி ஆகாது, ஆனால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மெதுவாக எழ வேண்டும். நிற்கும்போது காலைப் பின்னிக்கொண்டு தசையை இறுக்க வேண்டும்.

சொன்னதையெல்லாம் செய்தார். தலைசுற்றல் குறைந்தது. முடிவெட்ட மறுபடி கத்திரிக்கோலும் எடுத்தார். கத்தியைத் தொட மட்டும் மனசு வரவில்லை. சவரம்தான் அவருக்கு உயிர். அதை விட்டதில் மனிதர் பாதியாகிப் போனார்.

ஒருநாள் மைத்துனன் வந்து நாற்காலியில் சாய்ந்தான். "ஷேவ் பண்ணுங்க மாமா."

"வேற கடைக்குப் போடா."

"வாய்க் கொழுப்புல பேசினது நான்தானே. என் கழுத்துலயே ஆரம்பிங்க."

காலைப் பின்னி, தசையை இறுக்கி நின்றார். கண் இருட்டவில்லை. தாடைக்கடியில் கத்தியை வைத்தார். மைத்துனன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கழுத்து நாடி அவர் விரலுக்கடியில் படபடவென்று அடித்தது.

"பயப்படாதடா மச்சான்," என்றார். "உனக்கு எல்லாம் தானா நல்லா வேலை செய்யுது."