அலுமினியமா, பைபரா?

போன வாரம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். படகு பார்க்க!

சிவகாசிக்காரனுக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கில்லை, என் மகன் செல்வத்துக்கு. பட்டாசுத் தொழில் வேண்டாம் என்று கடலுக்குப் போனவன். கப்பல்களின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் டைவர்களைப் படகில் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை. "ரெண்டு போட்டு பாத்து வச்சிருக்கேன்ப்பா. நீங்க வந்து சொல்லுங்க" என்றான்.

இரண்டும் சின்னப் படகுகள். அடிப்பாகம் கெட்டி, சுற்றிலும் காற்றடைத்த ரப்பர் குழாய். ஒரே நீளம், ஒரே இன்ஜின். வித்தியாசம் அடியில்தான் — ஒன்று பைபர், மற்றது அலுமினியம்.

"அலுமினியமே எடுப்போம்ப்பா. கரையில பூராம் பாறை. மோதினா இது நசுங்கும், அம்புட்டுதான். பைபர்னா வெடிச்சிரும்."

வெடிக்கும் என்றால் அவனுக்கு விரிசல். எனக்கு...?

"தண்ணிக்குள்ள அலுமினியமா? வேண்டாம்லே" என்றேன்.

படகு விற்பவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இது போட்டு. புஸ்வாணம் இல்ல."

சிரிக்கட்டும். நாற்பது வருடம் நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி நடத்தியவன் நான். எங்களுக்கு அலுமினியம் என்றால் டிரம்மில் வரும் சாம்பல் நிறப் பவுடர். அதில் ஈரம் பட்டால் சூடேறும். சூடேறினால்... தகடு வேறு, பவுடர் வேறு என்று எனக்குத் தெரியாதா? கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. படித்தவன். ஆனாலும் அந்தப் படகை விட்டு இரண்டடி தள்ளியே நின்றேன்.

செல்வம் என் முகத்தைப் பார்த்தான். "சரிப்பா. நாளைக்கு வந்து பைபரையே எடுத்துக்கிறேன்" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? இல்லை. படகு பாறையில் மோதுவதும் அடி பிளப்பதுமாகவே மனசு சாத்தூர் வரை ஓடியது. அவன் 'சரிப்பா' என்ற குரல் வேறு. அந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறேன்?

என் கம்பெனியிலேயே கேட்டிருக்கிறேன். தீபாவளி சீசன், ஒரு மழைநாள். மருந்து கலக்கும் மாரியப்பன் அறையிலிருந்து ஓடி வந்தார். "மொதலாளி, பவுடர்ல ஈரம் கோத்திருக்கு. டிரம்மு சுடுது. இன்னைக்கு வேண்டாம்."

லோடுக்கு லாரி காத்து நின்றது. "பயப்படாதய்யா, கலக்கு" என்றேன்.

"சரி மொதலாளி" என்றார்.

அவருடைய இரண்டு கண்களும் போயின. விபத்து என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அவர் முன்கூட்டியே எச்சரித்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அலுமினியத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறேன். பாவம், அலுமினியம் என்ன செய்தது? வேலை செய்கிறவன் 'வேண்டாம்' என்றபோது 'கலக்கு' என்ற என் வாய்க்கல்லவா பயந்திருக்க வேண்டும்?

சாத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே போன் போட்டேன்.

"ஏலே, அலுமினியத்தையே எடு."

"என்னப்பா திடீர்னு? பயம் போயிருச்சா?"

"போகல. நீ எடு. கடல்ல போறவன் நீதான."

முந்தாநாள் முதல் அதில்தான் போகிறான். கரை சேர்ந்ததும் போன் செய்கிறான். அதுவரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை மாரியப்பனுக்கு அவர் மகள் வாராவாரம் வாசித்துக் காட்டுகிறாளாம். இது அச்சாகி வருவதற்குள் நானே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.