கிரைண்டர் ஓடும் வரைக்கும்

ஊறின உளுந்தைக் கிரைண்டரில் போட்டு, ஓரத்தில் ஒட்டுவதைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள் அமிர்தவல்லி. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. மத்தியானம் அரைத்து, வெயில் இறங்குவதற்குள் பாக்கெட் போட்டாக வேண்டும். அந்த வேலை நடக்கும்போது அவள் பேசுவாள். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தொண்டூரிலிருந்து வாழ வந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. புருஷன் அரிகிருஷ்ணன் லாரியில் கிளம்பினால் எப்போது வருவாரென்று தெரியாது. "பால் பொங்குது அமிர்தம், இன்னா வேடிக்க பாக்குற" என்று தன்னையே பேர் சொல்லி அதட்ட ஆரம்பித்தாள். அவர் வீட்டிலிருக்கும் நாட்களில், "உள்ள யாருடி, விருந்தாளியா? எனக்கும் சேத்து டீ போடு" என்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கிண்டல் நின்றது. பேச்சு நிற்கவில்லை.

மகன் எழிலரசன்தான் ஒருநாள் சொன்னான். "ரோட்ல நடக்கும்போது வேணாம்மா. என் பிரண்டு பாத்துட்டு, உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியான்னு கேக்குறான். காதுல ஒரு இயர்போன மாட்டிக்க. போன்ல பேசறன்னு நெனச்சிக்குவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அமிர்தவல்லிக்கு உடம்பு கூசிவிட்டது. அன்றிலிருந்து தெருவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தாள். வாய் தன்னையறியாமல் அசைந்தால் முந்தானையால் துடைப்பது போல மறைத்தாள். சேர்ந்துகொண்டே போகும் பேச்சை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. அதற்கு இந்தக் கிரைண்டர் கிடைத்தது. அது ஓடினால் சுவர் அதிரும். பக்கத்து அறையில் போன் அடித்தாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் அவள் வாய்விட்டு, தொண்டை நரம்பு புடைக்கப் பேசலாம்.

வெளியில் தோற்றுவிட்டு வந்த சண்டையெல்லாம் அங்கே நடக்கும். எதிராளியின் வசனத்தையும் அவளே பேசுவாள், அவர்கள் குரலிலேயே. நல்லபடியாக ஜெயிக்க வேண்டுமென்றால் எதிராளி நன்றாகத் தப்புப் பேச வேண்டும். அதனால் அவர்கள் சொன்னதோடு நிறுத்த மாட்டாள். கூடக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பாள்.

அன்று காலையில் காய்கறிக் கடையில் ராஜாம்பாளைப் பார்த்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "இன்னா அமிர்தம், உன் மருமவ இன்னும் ஸ்கூட்டிலதான் போறாளா?" என்று கேட்டாள். "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள் அமிர்தவல்லி.

மருமகள் ஷோபனா அனந்தபுரம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன மழைக்காலத்தில் அவளுக்கு மூன்றாம் மாசம் கலைந்துபோனது. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். எழிலரசன் ஒரகடத்துக் கம்பெனிக்குத் திரும்பிப் போனான். மாமியாரும் மருமகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், மாவு பாக்கெட் கட்டினார்கள்.

கிரைண்டர் முன்னால் அன்றைக்கு ராஜாம்பாள்தான் வந்து நின்றாள். அமிர்தவல்லி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவளைப் போலவே மூக்கால் இழுத்துப் பேசினாள். "ஸ்கூட்டி கேக்குதா மகாராணிக்கு? ஆறு மாசம் ஊட்டுல குந்தியிருந்தா கிரீடம் எறங்கிடுமா?" அடுத்த வசனத்துக்கு இன்னும் குரலை ஏற்றினாள். "சம்பளத்துக்கு ஆசப்பட்டு வயித்துல இருந்தத ரோட்டுல கொட்டிட்டு வந்தவதானே உன் மருமவ!"

'உன் மருமவ' என்ற இடத்தில் கரண்ட் போய்விட்டது.

கிரைண்டர் ஒரு சுற்று சுற்றி நின்றது. அந்தக் குரல் மட்டும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தது. இனிமேல்தான் அமிர்தவல்லியின் முறை. வாயைக் கழுவுடி, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, எம் பொண்ணப் பத்திப் பேச நீ யாரு என்று எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தபடியே திரும்பினாள்.

நிலைப்படியில் ஷோபனா நின்றிருந்தாள். கையில் ஹெல்மெட். பரீட்சை நாள், மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். வண்டி வந்து நின்ற சத்தத்தையும் கிரைண்டர்தான் விழுங்கியிருந்தது.

"அது நான் இல்ல கண்ணு" என்றாள் அமிர்தவல்லி. முழங்கை வரைக்கும் மாவு வழிந்துகொண்டிருந்தது. "நான் ராஜாம்பா மாதிரி பேசினு இருந்தேன். காலைல அவ கேட்டா. அதுக்கப்புறம் நான் அவள நல்லா கேக்கப் போறேன்… அதுக்குள்ள கரண்ட்டு…"

சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது. மகன் சொன்ன இயர்போன் ஞாபகம் வந்தது. கையைக் கழுவக்கூடத் தோன்றாமல், புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்தது. சுவிட்சை அணைக்காததால் கிரைண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. ஷோபனா எட்டி அதை நிறுத்தினாள்.

"அந்தம்மா இன்னா கேட்டாங்க அத்த?"

"ஸ்கூட்டிலதான் போறாளான்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அப்ப ரோட்டுல கொட்டிட்டு வந்தான்னு சொன்னது?" கோபமில்லாத குரல். வகுப்பில் பிள்ளையிடம் விடை கேட்பது போல இருந்தது. "அது யாரு சொன்னது அத்த?"

அமிர்தவல்லி உளுந்து மாவைப் பார்த்தாள். ராஜாம்பாள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஊரில் யாரும் சொல்லவில்லை. போன மாசம் ஒரு காலை, ஷோபனா வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பியபோது, கேட்டைச் சாத்திக்கொண்டே தனக்குள் யாரோ அதைச் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அது ராஜாம்பாளின் குரலாக இல்லை. தினமும் பேசுகிற வாய், ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

மாமியாரின் கன்னத்தில் தெறித்திருந்த மாவின் மேல் ஷோபனாவின் பார்வை போய் வந்தது. பிறகு ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.