தடை அறிந்தவர்கள்

“…கேட்டது நீங்கதான அண்ணாச்சி. தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லணும்னு கேட்டிய. அதான் எந்திச்சேன். எனக்கு ஒரு தடை தெரியும்.”

எங்கள் பங்கின் மாதா சபைத் தலைவியான அக்கா இதைச் சொன்னபோது அவர் கையில் மைக் இல்லை. முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து, நின்ற இடத்திலேயே சொன்னார். ஆனாலும் மாதா கோயில் மண்டபத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது. வருஷக்கணக்காகச் செபமாலை சொல்லிச் சொல்லிப் பழகிய தொண்டை. மேடையில் தீர்மானத்தை வாசித்து முடித்திருந்த உபதேசியார் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டார்.

நான் மைக் செட்காரன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் காது வழியாகத்தான். மாதா திருவிழா, ஆத்தூர்ப் பக்கம் அம்மன் கொடை, காயல்பட்டினத்து நிக்காஹ் என்று எல்லா மேடைக்கும் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பேன். பேசுகிறவர் சொல்வதைவிட, கேட்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பதுதான் எனக்கு ருசி. ஒரு தடவை பங்குச் சாமியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது ஒரு விசைப்படகுக்காரர், “சாமி பேச்சு நம்ம படகு நங்கூரம் மாதிரி தம்பி. போடுததுக்கு ஒராளு போதும், எடுக்கதுக்கு நாலாளு வேணும்” என்றார். இப்படிப்பட்ட பேச்சுகள் என்னிடம் ஏராளம்.

அந்தக் கூட்டம் நடந்தது, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தரவேண்டும் என்ற வழக்கை டெல்லியில் பெரிய கோர்ட் விசாரித்துக்கொண்டிருந்த கோடையில். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மாதங்கள் அவை. ஆம்பிளைகள் எல்லாரும் ஊரில்தான் இருந்தார்கள், மண்டபம் நிறைந்துவிட்டது. கோர்ட்டுக்கு எதிர்ப்பைத் தெரிவித்து எல்லா மதத்தாரும் சேர்ந்து தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி அனுப்புவதென்று ஏற்பாடு. காயல்பட்டினத்து ஹாஜியார் ஒருவரும், ஆத்தூர் அம்மன் கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவரும் வந்து பேசினார்கள். ஹாஜியார் மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறதென்று கிளம்பும்போது என் மேசைப் பக்கம் குனிந்து, “கொழாய் ஸ்பீக்கர் சத்தத் தகராறுக்கு நாம மூணு மதத்துக்காரங்களும் போலீஸ் ஸ்டேஷன்ல போயி உக்காந்தது ஞாபகம் இருக்கா? இன்னைக்குப் பாருங்க, ஒரே மைக்கு” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊரை ஒரே மேடையில் ஏற்ற எத்தனையோ விஷயம் இருந்தது; துறைமுகத்துக் கரித்தூசு இருந்தது, குடிதண்ணீர் இருந்தது. கடைசியில் ஏற்றியது இதுதான்.

ஆனால் நான் முழுசாகச் சிரிக்க முடியாதபடி கூட்டம் தொடங்குமுன்பே ஒன்று நடந்திருந்தது.

மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா தனியாக வந்தார். கருவாட்டு வியாபாரம் அவருக்கு. தருவைகுளத்திலிருந்து மீன் எடுத்துவந்து காயப்போட்டு விற்றே மகளைப் படிக்க வைத்தவர். புருஷன் இறந்தபோதுகூட ஊருக்கு முன்னால் குரல் உடையாதவர். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தம்பி, பொம்பளையள்ல மொதக் கையெழுத்து நான் போடணுமாம். தலைவியில்லா.”

“போடுங்கக்கா.”

“எம்மவ போடாதங்கா.”

நான் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேடையில் தொங்கிய பேனரைப் பார்த்துச் சொன்னார். மகள் மெட்ராஸில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். கூட ஒரு பெண். ரூம் சிநேகிதி என்று ஊருக்குச் சொல்லியிருந்தது. சிநேகிதி இல்லை. போன வருஷத் திருவிழாவுக்கு மகள் வரவில்லை. அதற்கு முந்தினதுக்கும் வரவில்லை. இந்த வருஷம் ரெண்டு பேருமாக வருகிறோம் என்று டிக்கெட் போட்டிருந்தாள். கூட்டத்துச் செய்தி எப்படியோ அவள் போனுக்குப் போய்விட்டது.

“சண்டை போடல தம்பி. ‘ஊர்ல எல்லாரும் போடட்டும், நீ மட்டும் போடாதம்மா. நீ போட்டா எனக்கு வாரதுக்கு வீடு இல்ல’ன்னா. அவ்வளவுதான். போன வச்சிட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கருவாடு எதுல கொடுத்து விடன்னு கேட்டேன். வேற என்ன வாயில வரும்?”

கையெழுத்துப் போட்டால் மகள் வரமாட்டாள். போடாவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும், சபைத் தலைவி என்ற பேரும் போகும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

இனி உபதேசியார் அண்ணாச்சி. கெட்ட மனுஷர் இல்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். புயலுக்குக் கோயிலைத் திறந்துவிட்டு, வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறவர். கல்யாணம் என்பது கடவுள் போட்ட முடிச்சு, அதைக் கோர்ட் மாற்றி எழுதக் கூடாது என்பது அவர் நிஜமாகவே நம்புவது. அன்றைக்கும் யாரையும் ஏசிப் பேசவில்லை. சாமிக்கு உதவியாளாகப் பூசைக்கு மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வது, கல்யாண ஓலை வாசிப்பது எல்லாம் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, இதற்குத் தடை அறிந்தவர்கள் பங்குச் சாமியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் வாசித்தார்.

தீர்மானத்தின் கடைசி வரி, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்வதே திருமணம் என்று முடிந்தது. ‘திருமணம்’ என்று வந்ததும் அவர் குரல் தானாக ஓலை ராகத்துக்குப் போய்விட்டது. தாளில் இல்லாததை வாசித்தார்.

“இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள், அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மண்டபம் குலுங்கியது. பின்னாலிருந்து ஒருத்தன், “அண்ணாச்சி, இது மொத ஓலையா, ரெண்டாவதா?” என்றான். “மாப்பிள பேரச் சொல்லலியே!” என்றான் இன்னொருத்தன். அண்ணாச்சியும் தலையில் கை வைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் அக்கா எழுந்து நின்றது. நான் முதலில் எழுதியதைச் சொன்னது.

“அது வாய் தவறி வந்துட்டு தாயி” என்றார் அண்ணாச்சி. “அப்படியே தடைன்னாலும் சபையில சொல்லப்பிடாது. சாமிட்ட தனியாத்தான் சொல்லணும். அதான மொற?”

“தனியாச் சொன்னா எம்மவள நான் ஒளிச்சு வச்ச மாதிரி ஆவும். மெட்ராஸ்ல அவ இன்னொரு பிள்ளையோட குடும்பமா இருக்கா. நீங்க இவ்வளவு நேரம் யாரயோ பேசுனிய, அது அவதான். திருவிழாவுக்கு அவ வீட்டுக்கு வரணும் எனக்கு. நான் இதுல கையெழுத்துப் போட்டா வரமாட்டா. இதான் தடை.”

பக்கத்து நாற்காலிக்காரி சேலையைப் பிடித்து இழுத்தாள். “ஏளா, இரி. போதும்.” பின்னால் யாரோ, “வளத்த லெச்சணம்” என்றது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

அண்ணாச்சி தாளைக் கீழே இறக்கினார். “சின்னதுல புதுநன்மை வாங்கயில நான் செபம் சொல்லிக்குடுத்த பிள்ளையா?”

“அவளேதான்.”

“எம் மனசு மாறல தாயி. நான் நம்புததத்தான் வாசிச்சேன்.”

“நீங்க மாறணும்னு நான் சொல்லலியே அண்ணாச்சி. எங்கையெழுத்து இல்லன்னுதான சொல்லுதேன்.”

அந்த இரண்டு பேரையும் நான் மாறி மாறிப் பார்த்தேன். சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு அன்றைக்கு ஒரு முடிவு இருந்திருந்தால் ஒருவேளை கைதட்டியிருப்பேன், இல்லை தலையைத் திருப்பியிருப்பேன். முடிவு ஏதும் இல்லாததால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பங்குச் சாமி மேடை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மெதுவாக மைக்கை வாங்கினார். “கையெழுத்துப் போடுதவங்க வெளிய மேசையில போட்டுக்கிடலாம். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். இப்ப செபத்தோட முடிச்சுக்கிடுவோம்.” சொல்லிவிட்டு மைக்கை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார். முடிக்கிற செபம் எப்போதும் மாதா சபைத் தலைவியுடையது. சபைச் செயலாளர் அம்மா பாதி எழுந்து, அக்காவைப் பார்த்துவிட்டு, எழுந்தபடியே நின்றாள்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார். சாமி கையிலிருந்து மைக்கை வாங்கி, சிலுவை அடையாளம் போட்டு, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினார். முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். மறுபாதி கூடியிருப்பவர்கள் சொல்லவேண்டியது. முன்வரிசையில் நாலைந்து குரல் தயங்கித் தயங்கி எழும்பி, நடுவிலே நின்றுபோனது. அக்கா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அந்த மறுபாதியையும் தானே சொல்லி முடித்து, அடுத்ததைத் தொடங்கினார்.